ஆளில்லாத ஊர்களின் ஓவியர்

காயல்பட்டினத்தில் ஒரு திருமண வீட்டிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்தோம். களறிச் சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் பெரும்பாலோர் கலைந்துபோன பிற்பகல் நேரம். தாழ்வாரத்தில் அமர்ந்து, கையோடு கொண்டு வந்திருந்த ஓவியத் தொகுப்பொன்றைப் புரட்டிக் கொண்டிருந்தோம். நமக்குப் பெரியம்மா முறையாகும் மூதாட்டி ஒருவர் அருகில் வந்து அமர்ந்து, விரித்திருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு குன்றின்மீது பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தாற்போன்ற வீடுகள், கதவுகள், சன்னல்கள், கூரைகள், வேறெதுவுமில்லை. "வீடு வீடா அடுக்கி வெச்சிருக்கே, ஒரு மனுசரையும் காணலியே வாப்பா! எல்லாரும் சபருக்குப் போயிட்டாங்களா?" என்று அவர் கேட்டார்.

நாம் சிரித்தோம். ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. அவ்வோவியம் 1951ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் தென்கரையில் நீஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஓ-த-கான்ய என்ற பழைய குன்றூரைப் பார்த்துத் தீட்டப்பட்டது. தீட்டியவர் ஸையித் ஹைதர் ரஸா. அவரைப் பற்றி வெளிவந்த கனத்த நூல்கள் சிலவற்றை நாம் படித்திருக்கிறோம். வடிவம், அமைப்பு, இடைவெளி, தளம் என்றெல்லாம் அவை விரித்துப் பேசுகின்றன. அந்த ஊரில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை, எழுத்தறிவு அதிகமில்லாத அந்தத் தாயைப்போல் நேராக எழுப்பியதை நாம் அவற்றில் கண்டதில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே.

ரஸா இந்திய ஓவியத்தின் பெரும்பெயர்களுள் ஒருவர் என்பதையும், புள்ளியை நடுவே வைத்து அவர் தீட்டிய 'பிந்து' ஓவியங்கள் புகழ்பெற்றவை என்பதையும் வாசகர்களிற் பலர் அறிந்திருக்கக்கூடும். ஆனால் அப்புள்ளி அவருடைய கலையின் மையத்திற்கு வந்தது ஏறத்தாழ அறுபது வயதை அடைந்த பிறகுதான். அதற்கு முந்திய முப்பது, நாற்பது ஆண்டுகள் அவர் நிலக்காட்சி ஓவியராகவே வாழ்ந்தார். பம்பாயின் தெருக்கள், காஷ்மீரப் பள்ளத்தாக்கு, பிரெஞ்சுச் சிற்றூர்கள், இராஜஸ்தானத்து மண், மத்திய இந்தியக் காடு என நிலத்தையே அவர் தீட்டினார். ஓவிய விமர்சகர்கள் இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஓவியத்திற்குள்ளேயே காரணம் கூறுவார்கள்: இங்கே செசானின் செல்வாக்கு, அங்கே அமெரிக்க ஓவியரின் தாக்கம், பின்னர் இந்தியத் தத்துவம் என்று. அவை பொய்யல்ல. ஆயினும் அவை பாதி விடையே என்பது நம் கருத்து.

நிலம் என்பது வெறும் பின்னணி அன்று, அது உறவின் மறுபெயர் என்று கண்டவர்கள் தமிழர்கள். கூடலுக்கு ஒரு நிலம், காத்திருத்தலுக்கு ஒரு நிலம், இரங்கலுக்கு ஒரு நிலம் என வகுத்த இலக்கணம் நம்முடையது. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறண்டால் அதுவே பாலை. பிரிவு நேர்ந்த இடமெல்லாம் பாலையாகும் என்பது அதன் உட்பொருள். இந்தக் கண்ணைக் கொண்டு ரஸாவின் ஓவியங்களைப் பார்த்தால், அவர் எந்த நாட்டை வரைந்தார் என்பதைவிட, எவரைப் பிரிந்திருந்தபோது வரைந்தார் என்பதே முதன்மை பெறுகிறது.

அவர் பிறந்தது 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள். இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்திலுள்ள பாபரியா என்ற காட்டுச் சிற்றூரில். தந்தையார் ஸையித் முஹம்மது ரஸி வனத்துறையில் பணிபுரிந்தவர். தாயார் தாஹிரா பேகம். நர்மதை ஆறும் அடர்ந்த காடும் சூழ்ந்த இளமை. இரவில் காடு தந்த அச்சத்தையும், பொழுது விடிந்ததும் சந்தையும் மக்களும் தந்த ஆறுதலையும் அவர் முதுமையிலும் மறக்காமல் சொல்லிக் கொண்டிருந்தார். கோண்டு மக்கள் தீ மூட்டி ஆடும் ஆட்டங்கள் அந்த இருளில் ஒளிப்பொட்டுகளாக அவர் மனத்தில் பதிந்தன. காட்டு வேலை பார்ப்பவரின் பிள்ளைக்குக் காடு என்பது வாப்பா அன்றாடம் சென்று திரும்பும் இடம். அவர் திரும்பும்வரை உம்மாவோடு வாசலைப் பார்த்திருக்கும் இடம். கடலுக்குப் போனவர்களை எதிர்நோக்கி வாழ்ந்த நம் கரையோரத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ககையா என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் அவர் அமைதியற்ற மாணவர். நந்தலால் ஜாரியா என்ற ஆசிரியர் ஒருநாள் பள்ளிச் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, மற்றதெல்லாம் மறந்து அதையே பார்த்துக்கொண்டிரு என்று அமர்த்தினார். இந்தக் கதை ரஸாவைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் கூறுவது. கூறிக்கூறித் தேய்ந்துவிட்டது எனலாம். நமக்கு அதில் தத்துவத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அலைபாயும் பிள்ளையை அடித்துத் திருத்தாமல் ஒரு புள்ளியின்முன் அமர்த்திய ஆசிரியரின் பொறுமை அது. புள்ளி பின்னாளில் ரஸாவின் ஓவியத்துக்குள் வந்தபோது கருத்தாக வந்திருக்கலாம். ஆனால் அதன் அடியில் ஒரு மனிதர் நிற்கிறார்.

தமோ நகரில் உயர்நிலைப் பள்ளி. 1939 முதல் 1943 வரை நாகபுரி ஓவியப் பள்ளி. பிறகு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி. பம்பாயில் அச்சுக்கட்டை செய்யும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே அவர் வரைந்தார். அந்நாளைய நீர்வண்ணப் படங்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மழையில் நனைந்த தெருக்கள், டிராம் வண்டிகள், குடைகள், கூட்டம்! முகம் தெரியாவிட்டாலும் தூரிகையின் ஒரே இழுப்பில் நடந்துபோகும் மனிதர்கள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். நம்மவரில் சிலர், ரஸா உருவங்களை வரையாததற்கு மார்க்கப் பேணுதல் காரணமாக இருக்குமோ என்று கேட்பதுண்டு. இப்படங்கள் அதை மறுக்கின்றன. ஆட்களை வரைந்துகொண்டிருந்தவர்தாம் அவர். பிற்பாடு அவர்கள் ஓவியத்தைவிட்டு வெளியேறினார்கள்.

பம்பாயில் அவருக்கு வாய்த்த உறவுகள் வியப்பானவை. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் ஓவியப் பிரிவுக்குத் தலைவராயிருந்த ஆஸ்திரியர் வால்டர் லாங்ஹாமர், அதே ஏட்டில் ஓவிய விமர்சனம் எழுதிய ஜெர்மானியர் ருடால்ஃப் வான் லேடன், ஓவியங்களை விலைகொடுத்து வாங்கி இளைஞர்களை வாழவைத்த இமானுவேல் ஷ்லெசிங்கர் ஆகிய மூவரும் இட்லரின் கொடுங்கோன்மை பரவிய காலத்தில் சொந்த மண்ணைவிட்டு இந்தியாவுக்கு வந்தவர்கள். லாங்ஹாமரின் இல்லம் இளம் ஓவியர்கள் கூடும் இடமாயிற்று. ஐரோப்பிய ஓவியத்தை ரஸா முதன்முதலாக அறிந்தது அகதிகளின் கைவழியாகத்தான் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வீட்டை இழந்தவர்கள் தமக்கு ஆசிரியராக வந்தார்கள் என்று அவர் அன்று நினைத்திருக்கமாட்டார். சில ஆண்டுகளில் அவரே அந்நிலையில் நிற்க நேர்ந்தது.

1947ஆம் ஆண்டில் மூன்று செய்திகள் ஒருசேர வந்தன. தாயார் மறைந்தார். நாடு விடுதலை பெற்றுப் பிளவுண்டது. சூசா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆகியோருடன் சேர்ந்து ரஸா 'முற்போக்கு ஓவியர் குழு'வை அமைத்தார். மறு ஆண்டில் தந்தையாரும் மண்டலாவில் காலமானார். உடன்பிறந்தவர்கள் நால்வர் சகோதரர்கள், ஒருவர் சகோதரி. அவர்களிற் பெரும்பாலோர் பாகிஸ்தானுக்குப் போனார்கள். ரஸா போகவில்லை. சிறுவயதில் மண்டலாவில் காந்தியடிகளைக் கண்டிருந்ததையும், இந்நாட்டைவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் துரோகம் என்று தமக்குத் தோன்றியதையும் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். தொண்ணூறு வயதைக் கடந்தபின், 2013இல், காந்தியைச் சுற்றியே ஓர் ஓவிய வரிசையை அவர் தீட்டியபோது, அது திடீரென வந்த பக்தி என எழுதியவர்கள் உண்டு. அவர்கள் 1947ஐ மறந்தவர்கள்.

நம் தென்கரை முஸ்லிம்கள் பிரிவினையின் குருதியை நேரில் கண்டவர்களல்லர். ஆயினும் ஒரே வீட்டார் இரு நாட்டவராகும் துயரம் நமக்குப் புதிதன்று. கொழும்பில் கடை வைத்திருந்தவர், குடியுரிமைச் சட்டங்களும் கடவுச்சீட்டும் வந்தபின் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று தாமே அறியாமல் தவித்த வரலாறு காயலின் தெருக்களில் இன்றும் பேசப்படுகிறது.

1948இல் ரஸா காஷ்மீரம் சென்றார். போர் நடந்த நிலம் அது. அங்கே அவர் தீட்டியவற்றுள் ஒன்றன் தலைப்பு 'இடிபாடுகளில் பாராமுல்லா'. அங்கேதான் ஆன்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரை அவர் சந்தித்தார். காந்தியடிகளின் இறுதி நாளையும் இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்த அதே மனிதர். ரஸாவின் படங்களைப் பார்த்த அவர், திறமை இருக்கிறது, ஆனால் கட்டுமானம் இல்லை என்றார். கட்டடத்திற்கு அடித்தளமும் சுவரும் கூரையும் இருப்பதுபோல் ஓவியத்துக்கும் வேண்டும். செசானைப் படியும் என்றார். ரஸா பம்பாய்க்குத் திரும்பிப் பிரெஞ்சு மொழி கற்றார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று 1950இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

ஓர் அரை மணி நேர உரையாடல் ஒருவர் வாழ்வைத் திருப்பிவிடுமா? விடும், கேட்பவர் ஏற்கெனவே உடைந்திருந்தால். தாயும் தந்தையும் மறைந்து, கூடப்பிறந்தவர் எல்லை கடந்து, வீடு என்பதே கலைந்துபோன இருபத்தாறு வயது இளைஞரிடம், வீடு கட்டுவதுபோல் படம் கட்டு என்று ஒருவர் சொல்கிறார். விமர்சகர்கள் இதை ஓவியப் பாடமாகவே எழுதுகிறார்கள். நமக்கோ, அந்த உவமை அவர் காதில் வேறு விதமாகவும் விழுந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இனி அந்த மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். 1951, 52, 53ஆம் ஆண்டுகளில் ரஸா தீட்டிய பிரெஞ்சு ஊர்கள் திருத்தமாகக் கட்டப்பட்டவை. கோடுகள் உறுதியானவை, வீடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. சில படங்களில் சூரியன் கறுப்பாக இருக்கிறது. கட்டுமானத்தை அவர் கற்றுக்கொண்டார், அதில் ஐயமில்லை. ஆனால் பம்பாய்த் தெருவில் குடைபிடித்துப் போனவர்களில் ஒருவர்கூட இங்கு வந்து சேரவில்லை. வீடுகள் கட்டியாகிவிட்டன, குடியிருக்க ஆளில்லை. உலக ஓவிய வரலாற்றில் ஆளில்லாத நிலக்காட்சிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் மலையும் மரமும் இருக்கும். இங்கோ குடியிருப்பதற்காகவே எழுப்பிய வீடுகள் வெறிச்சோடியிருக்கின்றன. எல்லாரும் சபருக்குப் போய்விட்டார்களா என்று கேட்ட தாய் தவறாகக் கேட்கவில்லை. ஆம், போய்விட்டார்கள், கராச்சிக்கும் கபறுக்கும். இது பாலைத்திணை. இந்த மூன்றாண்டுப் படங்களையே ரஸாவின் முதல் உயர்ந்த படைப்புகள் என நாம் மதிக்கிறோம். அவை அழகாக இருப்பதனால் மட்டுமன்று, பொய் சொல்லாதிருப்பதனாலும்.

இங்கே சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. ரஸா இந்தியாவில் இருந்தபோதே மணமுடித்தவர். மனைவியின் பெயர் பாத்திமா. பிரிவினைக்குப்பின் அவர் பாகிஸ்தானுக்குப் போனார். ரஸா பாரிசுக்குப் போனார். அம்மணவாழ்வு பின்னர் முறிந்தது. ரஸாவைப் பற்றிய நூல்களில் நாம் படித்த அளவில் பாத்திமாவுக்குக் கிடைக்கும் இடம் சில வரிகளே. ஆசிரியருக்கும், நண்பருக்கும், பிரெஞ்சு மனைவிக்கும் அத்தியாயங்கள் உண்டு. கணவன் கடல் கடந்திருக்க, ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்த பெண்களின் உழைப்பால் நின்ற ஊர் காயல்பட்டினம். ஆண்கள் நடக்கும் தெருவுக்குப் பின்னால், வீட்டுக்கு வீடு பெண்கள் போய்வர முடுக்கு ஒன்று வைத்து, அதிலேயே ஒரு தனி உலகத்தை நடத்தியவர்கள் நம் தாய்மார்கள். அவ்வூரில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதும் நாம் பாத்திமாவைச் சில வரிகளில் கடந்து போவது முறையாகாது.

யார்மேல் குற்றம் என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. நாட்டைப் பிளந்தவர்கள் எத்தனையோ நிக்காஹ்களையும் சேர்த்துப் பிளந்தார்கள். ஆனால் விமர்சகன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். தாய்க்கு ஓவியம் உண்டு. பிறந்த மண்ணுக்கு உண்டு. ஆசிரியரின் புள்ளிக்கு நூற்றுக்கணக்கில் உண்டு. பாத்திமாவின் பெயரால் ஓர் ஓவியத்தை நாம் கண்டதில்லை. ஆளில்லாத அந்த வீடுகளில் எந்த வீட்டின் மூடிய சன்னல் அவருடையது என்று ஓவியர் சொல்லவில்லை. பெருங்கலைஞர்கள் எல்லாவற்றையும் கலையாக்கிவிடுவார்கள் என்பது புகழுரை. அப்படி ஆக்காமல் விட்டவையும் அவர்களிடம் உண்டு, அவை அவர்களுடைய கணக்கில் தீராமல் நிற்கின்றன.

பாரிஸ் கலைப்பள்ளியில் உடன் பயின்ற ஜனீன் மோங்கிலா என்ற ஓவியரை ரஸா 1959இல் மணந்தார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1956இல், பிரெஞ்சு விமர்சகர்கள் வழங்கும் பரிசு அவருக்குக் கிடைத்திருந்தது. பிரெஞ்சுக்காரரல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஜனீன் பெற்றோருக்கு ஒரே மகள். மகளை அழைத்துக்கொண்டு தூர தேசம் போய்விட வேண்டாம் என்று மாமியார் கேட்டுக்கொள்ள, ரஸா பிரான்சிலேயே தங்கிவிட்டார். வடநாட்டு நண்பர்களுக்கு இது ஒரு விந்தைச் செய்தி. காயல்பட்டினத்தாருக்கு இதில் என்ன விந்தை! மணமான மகள் தாய்வீட்டைவிட்டுப் போவதில்லை. வீடு பெண்ணுக்கே உரியது. மாப்பிள்ளைதான் அவ்வீட்டுக்கு வருகிறார். இந்த நீதியை அறிந்த ஊர் இது. அறுபது ஆண்டுக்காலம் ரஸா ஏன் பாரிசில் இருந்தார் என்பதற்கு உலகச் சந்தை, புகழ், நவீனத்துவம் என்றெல்லாம் காரணம் எழுதியவர்கள், ஒரு மாமியாரின் வேண்டுகோளை அடிக்குறிப்பாகவே வைத்தார்கள். நம் ஊர் மாப்பிள்ளைமாரிடம் கேட்டிருந்தால் அதை முதல் வரியில் வைக்கச் சொல்லியிருப்பார்கள்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, இந்த உறவு ஓவியத்தில் என்ன செய்தது? ஐம்பதுகளின் நடுவிலிருந்து ரஸாவின் வீடுகள் இளகத் தொடங்குகின்றன. நீர்வண்ணத்தின் கூரிய கோடு போய், எண்ணெய் வண்ணம் தடித்துப் பூசப்படுகிறது. கூரை சுவரோடும் சுவர் மண்ணோடும் கலக்கிறது. ஊர் தீப்பற்றியதுபோல் செம்மையும் மஞ்சளும் எழுகின்றன. பொருள்களைத் தேடி எடுத்து ஒட்டியும் சேர்த்தும் புது வடிவம் காணும் கலைஞராக ஜனீன் தம் வழியில் வளர்ந்தார். கணவரின் நிழலாக அவர் இருக்கவில்லை. வீட்டில் ஒருவர் எதிரே அமர்ந்து உண்ணத் தொடங்கியபின், படத்திலிருந்த வீடுகள் காவல் காப்பதை நிறுத்திவிட்டன என்று சொல்லத் தோன்றுகிறது. இது நம் ஊகமே. ஆனால் படங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்பவர்கள் அந்த இளக்கத்தைத் தவறவிடமாட்டார்கள்.

1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்ற ரஸா, மார்க் ராத்கோவின் ஓவியங்களைக் கண்டு வண்ணமே பேசலாம் என்று துணிவு கொண்டார். அறுபதுகளில் எண்ணெயைவிட்டு விரைவில் உலரும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். இதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது, நாம் நீட்டவில்லை.

எழுபதுகளே அவருடைய பொற்காலம். 'தபோவனம்' (1972), 'இராஜஸ்தான்', 'நிலம்' எனப் பொருள்படும் 'லா தெர்' ஆகியவை அப்போது பிறந்தன. இவற்றில் வீடும் இல்லை, மரமும் இல்லை. இருளில் கனலும் வண்ணங்கள் மட்டுமே. ஆயினும் இவை காடுதான் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. மண்டலாக் காட்டின் இரவு அது. கரிய பரப்பில் ஆங்காங்கே கோண்டு மக்களின் நெருப்பு. பாரிசில் அமர்ந்து, ஐம்பது வயதில், ஒருவர் தம் எட்டு வயது அச்சத்தை இத்தனை துல்லியமாக மீட்டெடுத்தது எப்படி? இக்காலத்தில் அவர் இந்தியாவுக்கு அடிக்கடி வரலானார். அஜந்தா, எல்லோரா, காசி, குஜராத், இராஜஸ்தானம் என்று சுற்றினார். 1978இல் மத்தியப் பிரதேச அரசு அழைத்துப் போபாலில் அவரைச் சிறப்பித்தது. அசோக் வாஜ்பேயி என்ற இந்திக் கவிஞரின் நட்பு உறுதிப்பட்டது. இறுதிநாள்வரை உடனிருந்தது அந்நட்பே.

நண்பர்கள் என்றோம். அவருடைய நட்புகளுள் பல கடிதத்தில் வாழ்ந்தவை. கிரிஷன் கன்னாவுக்கும் அவருக்கும் பல்லாண்டுகள் நடந்த கடிதப் போக்குவரத்து நூலாகவே வந்திருக்கிறது. பிரான்சில் இருந்துகொண்டு, பம்பாயிலும் தில்லியிலும் யார் என்ன வரைகிறார், யாருக்கு என்ன கஷ்டம் என்பதை அவர் அறிந்திருந்தார். கொழும்பிலிருந்து வரும் கடிதத்துக்கு அரபுத் தமிழில் பதில் எழுதிய நம் பாட்டிமாரை இங்கே நினைக்கிறோம். அந்த எழுத்து ஊருக்கு மட்டுமே புரிந்த எழுத்து; தூரத்தில் இருப்பவனை வீட்டுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் எழுத்து.

1981இல் ரஸா 'மா' என்ற பெரிய ஓவியத்தைத் தீட்டினார். 'மா' என்றால் அம்மா. அதில் தொலைவிலிருக்கும் மகன் தாயை விளித்துப் பேசும் இந்தி வரியொன்று தேவநாகரி எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது வாஜ்பேயியின் கவிதையிலிருந்து எடுத்தது. தாயார் மறைந்து அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரெஞ்சுக்காரர் வாங்கிப் போய்ச் சுவரில் மாட்டினாலும் படிக்க முடியாத எழுத்தை அவர் ஏன் எழுதினார்? அதற்கு விடை நம் பாட்டிமாரின் கடிதக் கட்டுகளில் இருக்கிறது. ஓவியம் அங்கே காட்சியாக இல்லாமல் கடிதமாகிவிட்டது. முகவரியில் இருந்தவர்தாம் இல்லை. ரஸாவின் படைப்புகளில் ஒன்றைமட்டும் காட்டுக என்று எவரேனும் கேட்டால் நாம் இதையே காட்டுவோம். கறுப்புப் புள்ளி இங்கேயே வந்துவிட்டது. பாடம் சொன்ன ஆசிரியரும் பெற்ற தாயும் ஒரே துணியில் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்குப் பிந்திய பிந்து ஓவியங்கள் குறித்து நமக்குக் குறை உண்டு. தொடக்கத்தில் அப்புள்ளி கருவறை இருளாக, விதையாக, உயிர்த்துடிப்போடு இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வட்டமும் முக்கோணமும் சதுரமும் கணக்காக அடுக்கப்பட்டு, கை பழக்கத்தால் தீட்டியவை பெருகின. அவற்றில் தத்துவம் இருக்கிறது; ஆள் இல்லை. ஐம்பதுகளின் வெற்று வீடுகளில் இல்லாதவர்களின் இருப்பு நம்மை வருத்தியது. தொண்ணூறுகளுக்குப் பிந்திய பல பிந்துகளில் வருத்துவோர் எவரும் இல்லை. சந்தை வேறுவிதமாக நினைக்கிறது. 1989இல் தீட்டிய ஒரு பிந்து ஓவியம் 2023ஆம் ஆண்டு ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்கு விலைபோனது. விலை உயர்வதற்கும் ஓவியம் உயர்வதற்கும் தொடர்பு இருந்தே தீரவேண்டும் என்று எந்த மார்க்கத்திலும் சொல்லப்படவில்லை.

புள்ளியும் யந்திர வடிவங்களும் இந்துத் தத்துவத்தைச் சேர்ந்தவை, ஆகையால் இவர் நம்மவரா என்று கேட்கும் வாசகர்கள் இருக்கக்கூடும். பெயர் நம்முடையது என்பதற்காக மட்டும் அவரைத் தோளில் சுமக்கவும் வேண்டாம், புள்ளி வைத்தார் என்பதற்காக இறக்கி விடவும் வேண்டாம். மசூதியும் கோயிலும் தேவாலயமும் தமக்கு அன்னியமல்ல என்று அவர் வெளிப்படையாகவே வாழ்ந்தார். தாம் எழுத்தறிந்த பள்ளிச் சுவரை ஒரு மனிதன் மறக்காமல் இருந்ததில் நமக்குக் குறை காண ஏதுமில்லை. அவரிடம் நாம் காணும் குறையை மேலே சொல்லிவிட்டோம். அது புள்ளியைப் பற்றியதன்று.

ஜனீன் 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிசில் புற்றுநோயால் காலமானார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் ரஸா பிரான்சிலேயே இருந்தார். மாமியார் வேண்டியதும் முடிந்து, மனைவியும் மறைந்தபின், 2010இன் இறுதியில், எண்பத்தெட்டு வயதில் தில்லிக்குத் திரும்பினார். அறுபது ஆண்டு பிரான்சில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை அவர் விடவில்லை. தில்லியிலும் நாள்தோறும் வரைந்தார். கை நடுங்கியது, வண்ணம் வெளுத்தது, நிறுத்தவில்லை.

2016ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், தொண்ணூற்று நான்கு வயதில், அவர் வஃபாத்தானார். தம் ஜனாஸா மண்டலாவில், தந்தையாரின் கபறுக்கு அருகில் அடக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது; அவ்வாறே செய்தார்கள். கூடப்பிறந்தவர் எல்லைக்கு அப்பால். மனைவியர் ஒருவர் பாகிஸ்தானத்தில், ஒருவர் பிரான்சில். காட்டு வேலைக்குப் போன வாப்பா அந்தியில் திரும்பும் வழியில், நர்மதைக் கரையில், மகனும் வந்து சேர்ந்தார்.

இக்கட்டுரைக்காக மறுபடியும் அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டு காயல்பட்டினம் போயிருந்தோம். 'தபோவன'த்தின் பக்கத்தை அந்த மூதாட்டியிடம் காட்டினோம். கண் மங்கிவிட்டது, அருகில் வைத்துப் பார்த்தார். "இது ராத்திரி" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த முதல் பொண்டாட்டி புள்ள, பிற்பாடு என்ன ஆனா வாப்பா?" என்று கேட்டார். முன்பொருமுறை பேச்சுவாக்கில் சொன்னதை அவர் மறக்கவில்லை. நாம் தொகுப்பின் பின்பக்கத்து வாழ்க்கைக் குறிப்பைத் திருப்பிப் பார்த்தோம்.